சூரியனுக்கு அர்க்கியம் விடுவது எப்படி: மூன்றாவது மாடியிலிருந்து ஒரு வழிகாட்டி

சூரியனைப் பார்த்துத் தண்ணீர் விட்டுக் கும்பிடுவதைத்தான் அர்க்கியம் என்கிறோம். அதற்கு ஒரு செம்புத் தண்ணீரும், கிழக்குப் பக்கம் கையகல வானமும் இருந்தால் போதும். ஆனால் அதை எப்படிச் செய்வது, ஏன் செய்வது என்று என்னிடம் பிளவுஸ் தைக்க வருகிறவர்களில் பாதிப் பேராவது கேட்டுவிட்டார்கள். அளவு எடுக்கும் நேரத்தில் வாயால் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஆடுதுறைப் பக்கம். சூரியனார்கோயில் கூப்பிடு தூரம். அப்பா விவசாயி. வாய்க்காலில் முங்கி எழுந்ததும் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, கிழக்கே பார்த்து மூன்று தடவை விடுவார். மந்திரம் எதுவும் தெரியாது. "சூரிய நாராயணா" என்பார், அவ்வளவுதான். நான் அதையே ஆதம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் நின்று செய்கிறேன். உபநயனம் ஆகி, குரு சொல்லிக்கொடுத்து சந்தியாவந்தனம் செய்கிறவர்களுக்கு அவர்களுடைய முறை இருக்கிறது. அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. மற்ற எல்லோருக்கும் இது.

என்ன வேண்டும்

செம்புப் பாத்திரம் நல்லது என்பார்கள். இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பித்தளையோ எவர்சில்வரோ போதும். செம்பாக இருந்தால் வாரம் ஒரு தடவை புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பச்சை பிடித்துவிடும். தண்ணீரில் ஒரு சிவப்புப் பூ போடலாம். செம்பருத்தி, செவ்வரளி எதுவானாலும் சரி. கொஞ்சம் அட்சதை, ஒரு சிட்டிகை குங்குமம் அல்லது செஞ்சந்தனம். ஒன்றுமே இல்லாத நாளில் வெறும் தண்ணீர். பூ கிடைக்கவில்லை என்று நிறுத்திவிட்டால் அப்புறம் தொடங்குவது கஷ்டம்.

மாடி வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, தண்ணீர் எங்கே விழுகிறது என்பதை. பால்கனிக்கு வெளியே விட்டால் அது கீழ்வீட்டுக் கொடியில் காயும் துணியில்தான் விழும். அர்க்கியம் விட்ட தண்ணீரைக் காலால் மிதிக்கக்கூடாது என்று வேறு ஒரு வழக்கம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழி, செடித் தொட்டி. நான் செம்பருத்தித் தொட்டியில் விடுகிறேன். தொட்டி இல்லையென்றால் ஒரு தாம்பாளத்தில் விட்டு, பிறகு ஏதாவது மரத்தடியில் ஊற்றிவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் தாராளம். குடம் குடமாகக் கொட்டுவதற்கு இது அபிஷேகம் இல்லை.

நேரமும் திசையும்

சூரிய உதயத்தை ஒட்டிச் செய்வது முறை. சென்னையில் மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் காலை 5:42 வாக்கில் உதயம். ஜனவரிக் கடைசியில் அதுவே 6:35 ஆகிவிடும். "காலை ஆறு மணிக்குச் சூரிய உதயம்" என்று பொத்தாம்பொதுவாக வைத்துக்கொள்ளாமல் தினசரி காலண்டரைப் பாருங்கள், அன்றன்றைக்குப் போட்டிருக்கும்.

எதிரே இன்னொரு கட்டடம் மறைக்கிறது, சூரியன் ஏழரைக்குத்தான் தெரிகிறார் என்றால்? காத்திருக்க வேண்டாம். உதய நேரத்தில் அந்தத் திசையைப் பார்த்து விடுங்கள். கார்த்திகை மழையில் நாள்கணக்காக சூரியனே தெரியாது, அப்போதும் இப்படித்தான்.

திசை விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சூரியன் சரியாகக் கிழக்கில் உதிப்பது வருடத்தில் இரண்டு சமயம்தான், மார்ச் 20, செப்டம்பர் 22 தேதிகளை ஒட்டி. ஜூனில் வடகிழக்காகவும் டிசம்பரில் தென்கிழக்காகவும் கிட்டத்தட்ட 24 டிகிரி நகர்ந்துவிடுவார். எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் ஜூனில் எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு இடப்பக்கம், டிசம்பரில் வேப்பமரத்துக்கும் வலப்பக்கம். உத்தராயணம், தட்சிணாயனம் என்று பஞ்சாங்கத்தில் படிப்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட வேறு வழி வேண்டாம். வானத்தைப் பார்த்தால் டிசம்பர் 22 வாக்கிலேயே வடக்கே திரும்பத் தொடங்கிவிடுகிறார். பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ராசியைக் கணக்கிடுவதால் மகர சங்கராந்தி தை முதல் தேதிக்கு வருகிறது. இரண்டு கணக்கும் தொடங்கும் இடம் வேறு, அவ்வளவுதான். இதற்காகப் பஞ்சாங்கக்காரர்களோடு சண்டை போட வேண்டாம்.

செய்யும் முறை

குளித்துவிட்டு, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு, சூரியன் இருக்கும் பக்கம் பார்த்து நில்லுங்கள். செருப்பு வேண்டாம். செம்பை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு மேலே தூக்கி, மெல்லிய தாரையாக விடுங்கள். மூன்று தடவை.

செம்பு இல்லாமல் கையால் விடுவதென்றால், இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி, விரல் நுனி வழியாக முன்பக்கம் விட வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வழியவிடக்கூடாது, அது முன்னோர்களுக்குத் தர்ப்பணம் விடும் முறை.

அடுத்தது, நின்ற இடத்திலேயே வலப்பக்கமாக ஒரு சுற்று சுற்றுங்கள். பிறகு கண்ணை மூடி இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, ஒரு நமஸ்காரம். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆகாது.

கண்ணைப் பற்றி: சூரியனை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள். விழும் தண்ணீர்த் தாரை வழியாகப் பார்த்தால் கண் நோய் தீரும் என்று சிலர் சொல்வார்கள். தண்ணீர் எந்தப் பாதுகாப்பும் தராது. விழித்திரை ஒரு தடவை கருகினால் திரும்பாமலே போகலாம். கிரகண நாளில் இன்னும் ஆபத்து. கண்ணை மூடினாலும் இமை வழியாகச் செக்கச்செவேலென்று ஒரு வெளிச்சம் தெரியும், தியானத்துக்கு அதுவே தாராளம்.

இனி, ஏன்

மூன்று தடவை தண்ணீர் விடுவதற்கு வேதத்தில் ஆரண்யகப் பகுதியிலேயே ஒரு கதை உண்டு. மந்தேஹர்கள் என்று அரக்கர்கள். சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் அவரோடு மல்லுக்கட்டுவார்கள். பூமியிலிருந்து மந்திரம் சொல்லி விடும் தண்ணீர் வஜ்ராயுதமாகப் போய் அவர்களைத் தூக்கி எறியுமாம். சின்ன வயதில் நான் இதை அரக்கர் கதையாகத்தான் கேட்டேன். இப்போது எனக்கு இதில் பிடித்தது வேறு. இங்கே மனிதன் சாமியிடம் எதையும் கேட்கவில்லை. சாமிக்குத் தன்னால் ஆன ஒத்தாசையைச் செய்கிறான். நீ வருவதற்கு நானும் ஒரு கை கொடுக்கிறேன் என்கிறான். இப்படி ஒரு உறவு மற்ற எந்த வழிபாட்டிலும் இவ்வளவு நேராக எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் ஏன்? அது அவரிடமிருந்து வந்தது. சூரியனிடமிருந்து மழை, மழையிலிருந்து அன்னம், அன்னத்திலிருந்து உயிர்கள் என்று பழைய சுலோகம் ஒன்று வரிசை சொல்கிறது. கடலிலும் குளத்திலும் உள்ள தண்ணீரை ஆவியாக்கி மேலே எடுப்பவர் அவர்தான், அப்பாவின் வாய்க்காலில் ஓடியதும் அப்படி வந்ததுதான். அதில் ஒரு கையளவைத் திரும்பக் காட்டுகிறோம். அவருக்கு அது தேவை என்பதால் இல்லை, எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும் என்பதைச் சொல்வதற்காக.

தன்னைத்தானே சுற்றுவதில்தான் விஷயம் ஆழமாகப் போகிறது. கோயிலில் சாமியைச் சுற்றுகிறோம். இங்கே சாமி வானத்தில் இருக்கிறார், நாம் நம்மையே சுற்றுகிறோம். பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். சந்தியாவந்தனத்தில் அர்க்கியம் விட்டதும் சொல்லும் வாக்கியம் "அஸாவாதித்யோ ப்ரஹ்ம", அதோ அந்த ஆதித்யனே பிரம்மம் என்று. தைத்திரீய உபநிடதம் இன்னும் ஒரு படி மேலே போய், மனிதனுக்குள் இருப்பவனும் சூரியனுக்குள் இருப்பவனும் ஒருவனே என்கிறது. ஈசாவாஸ்ய உபநிடதத்தின் கடைசியில் ஒருவன் சூரியனிடம், பொன் தட்டால் மூடியிருக்கிற உண்மையின் முகத்தைத் திறந்து காட்டு, அங்கே இருக்கிற அந்தப் புருஷனே நான் என்று சொல்கிறான். வெளியே கும்பிட்டது உள்ளேயும் இருக்கிறது என்றால், சுற்ற வேண்டியது இந்த உடம்பைத்தானே. அந்த ஒரு சுற்றை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். முட்டிவலி இருந்தால் மெதுவாகச் சுற்றுங்கள்.

என்ன கேட்பது

சூரியனைக் கும்பிட வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கிறது. அரசாங்க வேலை, அப்பாவோடு இருக்கும் மனஸ்தாபம், கண் வியாதி, ஜாதகத்தில் சூரிய தோஷம். கேட்பது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சூரியனை நோக்கிச் சொல்லும் மந்திரங்களில் தலையாயது காயத்ரி. ரிக் வேதத்தின் மூன்றாம் மண்டலத்தில், விசுவாமித்திரர் பெயரில் வருவது. அதில் இந்தப் பட்டியலில் உள்ள எதுவும் இல்லை. நம் புத்தியைத் தூண்டிவிடு என்பது ஒன்றே வேண்டுதல். வெளிச்சம், மழை, நெல் எல்லாம் கேட்காமலே வந்துகொண்டிருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியது புத்தி ஒன்றைத்தான் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

உபதேசம் இல்லாமல் காயத்ரியைச் சொல்லலாமா என்ற விவாதத்துக்குள் போக எனக்கு விருப்பமில்லை. தயக்கம் இருப்பவர்களுக்குப் பாரதியார் வழி செய்துவிட்டார். பாஞ்சாலி சபதத்தில் அதைத் தமிழாக்கியிருக்கிறார்: "செங்கதிர்த் தேவன் சிறந்த ஒளியினைத் தேர்கின்றோம் - அவன் எங்களறிவினைத் தூண்டி நடத்துக." மூன்று அர்க்கியத்துக்கும் இதைச் சொல்லுங்கள். அதுவும் நீளமாகத் தெரிந்தால் சிலப்பதிகாரத்தின் "ஞாயிறு போற்றுதும் ஞாயிறு போற்றுதும்" இருக்கிறது. புகார் நகரத்தில் சூரியனுக்கு உச்சிக்கிழான் கோட்டம் என்று கோயிலே இருந்ததையும் அதே நூல் சொல்கிறது. ஆக இது வடக்கேயிருந்து நேற்று வந்த பழக்கம் இல்லை.

தோஷ நிவர்த்திக்கென்றே எங்கள் ஊர்ப்பக்கம் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். சூரியனார்கோயில் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்தது, கல்வெட்டில் குலோத்துங்க சோழ மார்த்தாண்டாலயம் என்று பெயர். சூரியன் உஷா, பிரத்யுஷாவோடு நடுவில் நிற்க, மற்ற எட்டு கிரகங்களும் தனித்தனிச் சன்னிதியில். பக்கத்தில் உள்ள திருமங்கலக்குடி பிராணநாதேசுவரரைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும் என்பது வழக்கம். அதற்கு ஒரு கதை. காலவர் என்ற முனிவர், தனக்குத் தொழுநோய் வரப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு நவக்கிரகங்களை நோக்கித் தவம் செய்தார். அவர்களும் இரங்கி, வராது என்று வரம் கொடுத்துவிட்டார்கள். வினையின் பலனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை, மாற்றுவதற்கு நீங்கள் யார் என்று பிரம்மாவுக்குக் கோபம். அந்த நோய் கிரகங்களுக்கே வந்தது. அவர்கள் இந்த வெள்ளெருக்கங்காட்டுக்கு வந்து, திருமங்கலக்குடி ஈசனைக் கும்பிட்டு, எருக்க இலையில் தயிர்சாதம் சாப்பிட்டு நிவர்த்தி பெற்றார்கள்.

தலபுராணத்தை முழுசாகக் கேட்டால் பரிகாரச் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று நினைக்கிறேன். கிரகங்களே சலுகை கொடுக்கப் போய்த் தண்டனை வாங்கிய இடம் அது. (எருக்க இலையில் சாப்பிடுவதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். எருக்கு விஷச் செடி.)

பன்னிரண்டு பெயர்கள்

நேரம் இருக்கும் நாளில் இவற்றைச் சொல்லிப் பன்னிரண்டு நமஸ்காரம் செய்யலாம்: மித்ராய நம:, ரவயே நம:, ஸூர்யாய நம:, பானவே நம:, ககாய நம:, பூஷ்ணே நம:, ஹிரண்யகர்ப்பாய நம:, மரீசயே நம:, ஆதித்யாய நம:, ஸவித்ரே நம:, அர்க்காய நம:, பாஸ்கராய நம:. இன்று யோகா வகுப்பில் சொல்லித்தரும் சூரிய நமஸ்காரத்தை நாடெங்கும் பரப்பியதில் மகாராஷ்டிரத்து ஔந்த் சமஸ்தான ராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு, 1920களில். என் முதுகுக்கு அது ஒத்துவராது, நின்றபடியே கும்பிட்டு முடித்துக்கொள்கிறேன். மனம் கலங்கியிருக்கும் நாளில் ஆதித்ய ஹ்ருதயம் கேளுங்கள். ராவணனோடு போரிட்டுக் களைத்து நின்ற ராமனுக்கு அகத்தியர் சொன்னது. வால்மீகியின் யுத்த காண்டத்தில் வருகிறது.

ரதசப்தமி

தை அமாவாசை கழிந்த ஏழாம் நாள். வருடத்தில் இந்த ஒரு நாளையாவது விடாதீர்கள்.

அன்று உடம்பில் வைத்துக் குளிக்க ஏழு எருக்க இலை வேண்டும். சென்னையில் முதல் நாள் மாலையே மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் பூக்கடைகளில் கட்டி வைத்திருப்பார்கள். காலிமனை ஏதாவது அருகில் இருந்தால் அங்கேயே முளைத்திருக்கும். நீங்களே பறிப்பதாக இருந்தால் கையில் ஒரு பிளாஸ்டிக் பை மாட்டிக்கொள்ளுங்கள். காம்பில் வடியும் பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கும். பால் முழுதும் வடியவிட்டு, நன்றாகக் கழுவி வையுங்கள். குழந்தைகள் தலையில் இலையை நாமே வைத்துவிட வேண்டும், அவர்கள் கையில் கொடுக்கக்கூடாது. அப்படியும் பால் கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கண் டாக்டரிடம் ஓடுங்கள்.

எங்கள் வீட்டில் தலையில் ஒன்று, தோளுக்கு இரண்டு, முழங்காலுக்கு இரண்டு, பாதத்துக்கு இரண்டு. தலை இலையில் ஆண்களுக்கு அட்சதை, பெண்களுக்கு அதோடு மஞ்சள்தூளும். கிழக்கே பார்த்து நின்று தண்ணீரை ஊற்றினால் இலைகள் தானே நழுவி விழும். வீட்டுக்கு வீடு இடம் மாறும். சிலர் ஏழையும் தலையிலேயே அடுக்கிக்கொள்வார்கள்.

இலைக்குப் பின்னால் பீஷ்மர் இருக்கிறார். உத்தராயணத்துக்காக அம்புப் படுக்கையில் காத்துக் கிடந்தவருக்கு, அது வந்த பிறகும் உயிர் பிரியவில்லை. வியாசர் வந்து காரணம் சொல்கிறார்: சபையில் திரௌபதியை அவமானப்படுத்தியபோது நீ பார்த்தாய், கேட்டாய், பேசாமல் இருந்தாய்; கெடுதல் செய்யாவிட்டாலும் தடுக்காமல் இருந்த கண்ணுக்கும் காதுக்கும் வாய்க்கும் தோளுக்கும் அந்தப் பாவம் உண்டு. அதை எரிக்கச் சூரியனின் சக்தி வேண்டும் என்று எருக்க இலையால் அவர் உடம்பை மூடினாராம். மறுநாள் அஷ்டமி, பீஷ்மாஷ்டமி. வழிவழியாகச் சொல்லும் கதை இது. இலையைத் தோளில் வைக்கும்போது, இந்த வருஷம் நான் எங்கே வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்கிறேன். தெருவிலேயே ஒன்றிரண்டு அகப்படும்.

குளித்த பிறகு தேர்க்கோலம். ஒரே சக்கரம், ஏழு குதிரை, ஓட்டுகிறவன் அருணன். குதிரைகளைக் காயத்ரி முதலான ஏழு சந்தஸ்கள், அதாவது வேதப் பாட்டின் யாப்பு வகைகள், என்று புராணம் சொல்லும். குதிரை வரைய வராது என்றால் ஏழு கோடு போதும். சர்க்கரைப் பொங்கல் நிவேதனம். திருமலையில் அன்று ஒரே நாளில் ஏழு வாகனம், சூரியப் பிரபையில் தொடங்கிச் சந்திரப் பிரபையில் முடியும். டிவியில் வரும், பார்த்துக்கொண்டே பொங்கலைச் சாப்பிடலாம்.

தைப்பொங்கலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: வசதி இருந்தால் அடுப்பங்கரையில் வைக்காமல் மொட்டை மாடியில் வெயில் படும் இடத்தில் வையுங்கள். வாங்கிக்கொள்ள வேண்டியவர் அங்கேதான் இருக்கிறார்.

கேட்கிற சில கேள்விகள்

பெண்கள் செய்யலாமா? நான் இத்தனை நேரம் எழுதியது என்ன! பீகாரில் சத் விரதம் இருக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒன்றரை நாள் இருந்து, ஆற்றிலோ குளத்திலோ இறங்கி நின்று அர்க்கியம் கொடுக்கிறார்கள். புரோகிதரே தேவையில்லை.

வீட்டில் மேற்குப் பால்கனிதான் இருக்கிறது, என்ன செய்ய? மாலையில் செய்யுங்கள். சத் விரதத்தில் முதல் அர்க்கியமே மறையும் சூரியனுக்குத்தான், மறுநாள் காலையில்தான் உதிக்கிறவருக்கு. சந்தியாவந்தனத்திலும் மாலை அர்க்கியம் மேற்கே பார்த்து உண்டு.

இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறேன், எழவே பதினொன்று ஆகிறது என்கிறவர்களுக்கு மாத்யாஹ்னிகம் என்று உச்சிப்பொழுது வழிபாடும் மரபில் இருக்கிறது. குளித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன்னால் செய்யுங்கள். பன்னிரண்டு மணித் தரையில் கால் சுடும், ஒரு மரப்பலகை போட்டுக்கொண்டு நில்லுங்கள்.